கெர்பலுக்குக் கேப்ஸ்யூல் செய்யும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளில் ஒரு கேப்ஸ்யூலைச் (விண்வெளி வீரர்கள் உட்காரும் கலத்தை) செய்து, யூனிட்டி என்ற கேம் இன்ஜின் வழியாக எடுத்து, கெர்பல் ஸ்பேஸ் ப்ரோக்ராம் என்ற ராக்கெட் கட்டும் கேமுக்குள் போட்டால் முதல் தடவையே எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நான் இதுவரை இரண்டு கேப்ஸ்யூல் முழுசாக முடித்திருக்கிறேன். ஒன்று அப்போலோ. இன்னொன்று நம்ம இஸ்ரோ 2014 டிசம்பர் 18 அன்று ஜிஎஸ்எல்வி மார்க் 3 மேலே வைத்து அனுப்பி, 126 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வங்கக் கடலில் இறக்கிய கேர் கேப்ஸ்யூல். பழங்காநத்தத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை, சித்திரை வெயிலில் பகலில் ரெண்டர் போட்டால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்தான் வேலை. திருநகரில் இருக்கும் அக்கா மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான், அவனும் இப்போது இதில் இறங்கிவிட்டான், அவன் கேட்ட கேள்விகளும் எனக்கு வந்த கோளாறுகளும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது. எல்லாமே கேமின் 1.12 பதிப்பு, யூனிட்டி 2019.4, பார்ட் டூல்ஸ் (யூனிட்டியிலிருந்து கேமுக்கான மியூ ஃபைலை எழுதித் தரும் கருவி) வைத்துச் செய்தது.

தொடங்கும் முன் ஒன்று. கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் நான்கு: பிளெண்டர் மெஷ் (மாடலின் வடிவம்), யூனிட்டி, கான்ஃபிக் ஃபைல் (பாகத்தின் விவரங்களை எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்), அப்புறம் கேம் தன் பாட்டுக்குச் சேமித்து வைத்திருக்கும் பழைய கணக்கு. இந்த நாலாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கேம் ஃபோல்டரில் 'பார்ட் டேட்டாபேஸ்' என்று ஒரு கான்ஃபிக் ஃபைல் இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் காற்றுத் தடை எவ்வளவு என்று கேம் ஒரு தடவை அளந்து அதில் எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் மெஷ்ஷை மாற்றினாலும் அது பழைய எண்ணையே எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கும். வடிவத்தைத் தொட்டால் அந்த ஃபைலை அழியுங்கள், கேம் திரும்பத் திறக்கும்போது புதிதாக அளக்கும். மாட்யூல் மேனேஜர் (கான்ஃபிக் ஃபைல்களைத் திருத்தும் மாட்) வைத்திருந்தால் அதன் கேஷ் ஃபைலையும் சேர்த்து அழித்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ரெண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும்.

பட்டியலில் கேப்ஸ்யூலே காணோம்

பத்தில் எட்டு தடவை கான்ஃபிக் ஃபைலில் ஒரு வளைவு அடைப்பு மூடாமல் இருக்கும். அடைப்புகளை எண்ணிப் பாருங்கள். அடுத்து, கேட்டகரி வரியில் 'பாட்ஸ்' என்று இருக்கிறதா, மாடல் பெயரும் மியூ ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாகத்தின் உள்பெயரில் அடிக்கோடு போடாதீர்கள், கேம் அதைப் புள்ளியாக மாற்றிவிடும், அப்புறம் வேறு இடத்தில் அடிக்கோட்டுப் பெயரைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும். கேரியர் மோடில் தேடுகிறீர்கள் என்றால் அதற்கான தொழில்நுட்பத்தைத் திறந்துவிட்டீர்களா என்பதும் ஒரு கேள்வி, முதலில் எல்லாப் பாகமும் திறந்திருக்கும் சாண்ட்பாக்ஸ் மோடில் பாருங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றால் கேம் ஃபோல்டரில் இருக்கும் லாக் ஃபைலைத் திறந்து உங்கள் பாகத்தின் பெயரைத் தேடுங்கள். எந்த இடத்தில் நின்றது என்று அதுவே சொல்லும்.

வந்தது, ஆனால் அளவு தப்பு

எவ்வளவு தப்பு என்று பாருங்கள், அதிலேயே விடை இருக்கிறது. சரியாகக் கால்வாசி பெரிதாக இருந்தால் கான்ஃபிக்கில் ரீஸ்கேல் ஃபேக்டர் வரி இல்லை என்று அர்த்தம். அந்த வரி இல்லாவிட்டால் கேம் தானாக 1.25 என்று வைத்துக்கொள்ளும், 1 என்று எழுதிவிடுங்கள். நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் அது எஃப்பிஎக்ஸ் (பிளெண்டரிலிருந்து யூனிட்டிக்குப் போகும் ஃபைல் வகை) வேலை. பிளெண்டரிலிருந்து வரும்போது யூனிட்டியில் அந்தப் பொருளின் ஸ்கேல் 100 என்றும் எக்ஸ் சுழற்சி -89.98 என்றும் காட்டினால் இதுதான். பிளெண்டரிலேயே கண்ட்ரோல் ஏ அழுத்திச் சுழற்சியையும் ஸ்கேலையும் அப்ளை செய்துவிட்டு, ஏற்றுமதியில் அப்ளை ஸ்கேலிங்ஸ் இடத்தில் 'எஃப்பிஎக்ஸ் ஆல்' வையுங்கள்.

இந்த இரண்டும் இல்லாமல் 'ஏதோ பெரிதாகத் தெரிகிறது' என்றால், நீங்கள் நிஜ அளவில் செய்திருக்கிறீர்கள். கேமில் பூமிக்குப் பதிலாக இருக்கும் கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர், பூமிக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கேமின் சொந்தப் பாகங்களோடு பொருந்த வேண்டுமானால் நிஜ அளவை 0.64ஆல் பெருக்குவது வழக்கம். அப்போலோவின் விட்டம் 3.91 மீட்டர், 0.64ஆல் பெருக்கினால் 2.50 வருகிறது, கேமின் 2.5 மீட்டர் அளவோடு அச்சாகப் பொருந்தும். கேர் 3.1 மீட்டர், பெருக்கினால் 1.98. அதை நான் கேமின் 1.875 மீட்டர் அளவுக்கு இறக்கிக்கொண்டேன், அடாப்டர் இல்லாமல் மற்ற பாகங்களோடு ஒட்டட்டும் என்று.

அடுத்த பாகத்தோடு சேரும் இடத்தில் பிளவு தெரிகிறது

நோடின் (பாகங்கள் ஒட்டிக்கொள்ளும் புள்ளியின்) உயரம் தப்பாக இருந்தால் சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்கும், எண்ணைத் திருத்தினால் போதும். அங்கங்கே பிறை பிறையாக இடைவெளி தெரிந்தால் வட்டத்தின் பக்கங்கள் ஒத்துப்போகவில்லை. 2.5 மீட்டர் வட்டத்தை 24 பக்கமாக வெட்டினால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிஜ வட்டத்தைவிட 1 சென்டிமீட்டர் உள்ளே போகும். 48 பக்கம் வைத்தால் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. 24இன் மேல் 48 உட்கார்ந்தால் அந்த 1 சென்டிமீட்டர்தான் கண்ணில் குத்துகிறது. 48 வைத்துக்கொண்டு சேரும் விளிம்பில் மட்டும் 24க்கு இறக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நிறம் கோளாறு

மொத்தமும் அடர் ரோஸ் நிறம் என்றால் ஷேடர் (மேற்பரப்பு வெளிச்சத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் நிரல்) கேமினுடையது இல்லை. யூனிட்டியில் மெட்டீரியலுக்குக் கேஎஸ்பி பெயரில் இருக்கும் ஷேடர்களில் ஒன்றைக் கொடுங்கள். டெக்ஸ்சர் (மாடலின் மேல் ஒட்டும் படம்) தலைகீழாக இருந்தால், டிடிஎஸ் ஃபைலாகச் சேமிக்கும் முன் படத்தை மேல்கீழாகத் திருப்பவில்லை. கேப்ஸ்யூல் முழுக்கப் புதிதாகத் துலக்கிய எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னினால், ஸ்பெகுலர் ஷேடர் உங்கள் டெக்ஸ்சரின் ஆல்ஃபா சேனலைப் (மூன்று நிறங்களோடு வரும் நாலாவது சேனலை) பளபளப்புக்கான அளவாக எடுத்துக்கொள்கிறது, அது முழு வெள்ளையாக இருக்கிறது. ஆல்ஃபாவில் அடர் சாம்பல் வைத்து, எங்கே மினுங்க வேண்டுமோ அங்கே மட்டும் வெளுப்பாக்குங்கள். நிஜ அப்போலோ வெள்ளிப் பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுபோல் இருக்கும், ஒவ்வொரு பட்டையும் கொஞ்சம் வேறு சாயல். கண்ணாடி மாதிரி ஒரே பளபளப்பு கிடையாது. அந்தச் சாயல் வித்தியாசத்தை ஆல்ஃபாவிலேயே வரையுங்கள், நிறத்தில் வரையாதீர்கள், வெளிச்சம் திரும்பும்போது உயிர் வந்துவிடும்.

பள்ளம் எல்லாம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தெரிந்தால் நார்மல் மேப்பின் (மேடு பள்ளம் இருப்பதுபோல் காட்டும் படத்தின்) பச்சை சேனலைத் தலைகீழாக்குங்கள்.

கூம்பின் பக்கத்தில் கறுப்புக் கீற்றுகள்

ஜன்னலும் கதவும் வெட்டிய இடத்தைச் சுற்றித்தான் இது வரும். மென்மையான வளைவில் ஓட்டை போட்டால் சுற்றியுள்ள முகங்கள் நீள நீளமான முக்கோணங்களாகி, நார்மல்கள் (முகங்கள் பார்க்கும் திசைகள்) கோணிக்கொள்ளும். ஜன்னலைச் சுற்றி ஒரு மெல்லிய விளிம்பு வளையம் கொடுங்கள், அதன் வெளிப்பக்கத்தைக் கூம்பின் மேற்பரப்போடு கச்சிதமாக ஒட்ட வையுங்கள். அப்புறம், நல்ல கூம்பிலிருந்து நார்மல்களை டேட்டா ட்ரான்ஸ்ஃபர் மாடிஃபையர் மூலம் கடன் வாங்குங்கள். ஏற்றுமதிக்கு முன் நீங்களே முக்கோணமாக்கிவிடுங்கள். யூனிட்டி அதை வேறு மாதிரி வெட்டும்.

எல்லாம் சரி, ஆனால் பார்த்தால் நிஜம் மாதிரி இல்லை

இதற்கு லாக் ஃபைலில் எந்த வரியும் வராது, ஆனால் எனக்கு முக்கியமான அறிகுறி இதுதான். பெரும்பாலும் கோளாறு அடிப்பக்கத்தில், வெப்பக் கவசத்தின் வளைவில் இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அதைத் தோசைக்கல் மாதிரித் தட்டையாக வைக்கிறார்கள், இல்லை என்றால் வடைச்சட்டியின் அடி மாதிரி ரொம்பவே உப்ப வைக்கிறார்கள். நிஜம் இரண்டுக்கும் நடுவில். அப்போலோவுக்கு எண்கள் இருக்கின்றன: அடிப்பக்கம் 4.69 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் ஒரு துண்டு, விளிம்பு 0.196 மீட்டர் ஆரத்தில் மடங்குகிறது, அங்கிருந்து கூம்பு நடு அச்சிலிருந்து 33 டிகிரி சாய்வில் ஏறுகிறது. 0.64ஆல் பெருக்கினால் கோளம் 3 மீட்டர், விளிம்பு 12.5 சென்டிமீட்டர். அந்த விளிம்பு மடிப்பைக் கத்தி முனையாக விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல டெக்ஸ்சர் போட்டாலும் பொம்மையாகத்தான் தெரியும்.

எனக்கு இது புரிந்தது விளாச்சேரியில். கொலுவுக்கு முன்னால் பொம்மை வாங்கப் போனபோது ஒரு பெரியவர் களிமண் குடத்து உருவத்தை முடித்துவிட்டு, அதை வாசலுக்குக் கொண்டுவந்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். வண்ணம் இல்லை, வேலைப்பாடு எதுவும் தெரியாது, கறுப்பாக வெளிக்கோடு மட்டும்தான். ஒரு இடத்தில் கட்டை விரலால் லேசாக அழுத்தினார், மறுபடியும் தூக்கிப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் பிளெண்டரில் மாடலுக்குத் தட்டையான கறுப்பு நிறம் கொடுத்து, பின்னணியை வெளுப்பாக்கி, சுற்றிவிட்டுப் பார்த்தேன். மூன்று மாதமாக எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது விளிம்பு மடிப்பு என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இப்போது டெக்ஸ்சர் தொடங்கும் முன்னால் நிஜப் புகைப்படத்தின் வெளிக்கோட்டோடு ஒப்பிடாமல் நான் நகர்வதே இல்லை.

விவரங்களிலும் வரலாறு பார்க்க வேண்டும். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 தீயில் மூன்று வீரர்கள் இறந்தார்கள், உள்பக்கம் திறக்கும் கதவை நேரத்துக்குத் திறக்க முடியவில்லை. அதற்குப் பின் வந்த கலங்களில் கதவு வெளிப்பக்கம் சில நொடிகளில் திறக்கும்படி மாற்றப்பட்டது. ஆகவே நிலவுக்குப் போன கலத்தைச் செய்கிறீர்கள் என்றால் கீல் வெளியே இருக்க வேண்டும். அந்தக் கீலை நான் கவனமாகச் செய்வேன், அதற்குக் கொடுத்த விலை அப்படி.

மவுசில் பிடிக்க முடியவில்லை, தரைக்குள் இறங்கிவிடுகிறது

கொலைடர் (மோதலைக் கணக்கிடக் கேம் பயன்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) இல்லை. ஒரு கொலைடர் மெஷ் சேர்த்து அதில் கான்வெக்ஸ் டிக் போடுங்கள், 255 முக்கோணத்துக்குள் இருக்கட்டும். கூம்புக்கு ஒன்று, மூக்குப் பகுதிக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்தால் இன்னும் நல்லது.

கதவு திறக்க மாட்டேன் என்கிறது

"மாமா, உள்ளே ஆள் இருக்கான், வெளியே போன்னா கதவு அடைச்சிருக்குன்னு சொல்லுது, எதிரே ஒண்ணுமே இல்ல" என்று அக்கா மகன் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்தான். ஃபைலை அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். அவன் கதவை நிஜத்தில் இருப்பதுபோல் கொஞ்சம் உள்வாங்கி, அழகாக, தாழ்ப்பாள் எல்லாம் வைத்துச் செய்திருந்தான். ஆனால் கான்வெக்ஸ் கொலைடர் உள்வாங்கிய இடத்தை அறியாது, துணியை இழுத்துப் போர்த்தியதுபோல் மேலோடு மேலாக மூடிவிடும். ஆக அவனுடைய ஏர்லாக் பெட்டி (ஆள் வெளியே வரும் இடத்தைக் குறிப்பது) கேம் கணக்கில் சுவருக்குள் பதினைந்து சென்டிமீட்டர் புதைந்து கிடந்தது.

"கண்ணுக்குத் தெரியிற கதவை விடுடா, கொலைடரை மட்டும் காட்டிப் பாரு" என்றேன். அவன் ரெண்டர் மெஷ்ஷை மறைத்துப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்துவிட்டது.

சரிசெய்வது இப்படி: ஏர்லாக் பெட்டியைக் கொலைடரின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நகர்த்துங்கள். 'இஸ் ட்ரிகர்' டிக் இருக்க வேண்டும், டேக் ஏர்லாக், லேயர் பார்ட் ட்ரிகர்ஸ். அப்புறம் திசை. அதன் இசட் அச்சு கலத்துக்குள் நோக்கியும் ஒய் அச்சு கெர்பலின் (கேமின் விண்வெளி வீரரின்) தலை இருக்கும் பக்கமும் இருக்க வேண்டும், இதைத் திருப்பி வைத்தால் ஆள் தலைகீழாகவோ சுவரைத் துளைத்துக்கொண்டோ வருவான். ஏணிக்கும் இதே ஒழுங்குதான், டேக் மட்டும் மாறும். யூனிட்டியில் லோக்கல் அச்சைக் காட்டும்படி மாற்றிக்கொண்டு பாருங்கள். குளோபலில் பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

மூக்கை முன்னால் வைத்துக்கொண்டு விழுகிறது, அல்லது உருண்டுகொண்டே வருகிறது

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலின் உயிரே இதில்தான் இருக்கிறது. மழுங்கிய முகம்தான் வெப்பத்தைத் தள்ளி நிறுத்தும் என்று 1951இல் நாக்காவில் (நாசாவுக்கு முன்பிருந்த அமெரிக்க அமைப்பு) ஹார்வி ஆலன் கண்டுபிடித்தார், கூர் மூக்கு வைத்தால் வெப்பம் நேராக உடம்பில் ஏறும். அந்த மழுங்கிய முகம் தானாக முன்னால் திரும்ப வேண்டுமானால் எடையின் மையம் அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1969 ஜனவரி 18 அன்று சோயுஸ் 5 திரும்பியபோது சர்வீஸ் மாட்யூல் (இன்ஜின் இருக்கும் பின்பகுதி) பிரியவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டே கலம் மூக்கை முன்னால் வைத்து வளிமண்டலத்துக்குள் நுழைந்தது, உள்ளே போரிஸ் வொலினோவ் தனியாக, கதவுப் பக்கம் எரிய ஆரம்பித்தது. கடைசியில் இணைப்புகள் வெப்பத்தில் அறுந்து மாட்யூல் கழன்றதும் கேப்ஸ்யூல் தானாகவே திரும்பிக் கவசத்தை முன்னால் கொண்டுவந்தது. அவர் பிழைத்தார். யாரும் ஓட்டவில்லை, எடையின் மையம் இருந்த இடம்தான் அதைத் திருப்பியது. உங்கள் மாடலும் இதைச் செய்ய வேண்டும், எஸ்ஏஎஸ் (கலத்தைத் தானாக நிலையாகப் பிடிக்கும் கேம் வசதி) அணைத்திருந்தாலும்.

கேமில் இது ஏன் தப்பாகிறது என்றால், எடையின் மையம் எங்கே என்று கேம் மெஷ்ஷைப் பார்த்துக் கணக்குப் போடாது. மாடலின் ஒரிஜின் புள்ளி எங்கே இருக்கிறதோ அதுதான் மையம். ஒரிஜினைக் கூம்பின் நடுவிலோ மேலேயோ வைத்திருந்தால் மொத்த எடையும் அங்கே தொங்குகிறது. இதை மெஷ்ஷை நகர்த்தித் தீர்க்க வேண்டாம், நோடுகள் எல்லாம் கலையும். கான்ஃபிக்கில் காம் ஆஃப்செட் வரியைச் சேர்த்து, நடு எண்ணை மைனஸில் 0.05, 0.05ஆக இறக்கிக்கொண்டே வாருங்கள்.

சோதிப்பது: ஆல்ட் எஃப்12 அழுத்தி, சீட்ஸில் செட் ஆர்பிட் மூலம் 80 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் வையுங்கள். சர்வீஸ் மாட்யூலைக் கழற்றியாகிவிட்டதா என்று பாருங்கள் (இதை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் கான்ஃபிக்கைத் திருத்தியவர்களை எனக்குத் தெரியும்). தாழ்புள்ளியை 30 கிலோமீட்டருக்கு இறக்குங்கள். 70 கிலோமீட்டரில் வளிமண்டலம் தொடங்கும், அங்கே வேண்டுமென்றே மூக்கை முன்னால் திருப்பி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். எஃப்12 அழுத்தினால் காற்று விசையின் அம்புகள் தெரியும். என்னுடைய அப்போலோ சுமார் 45 கிலோமீட்டரில் தயங்கித் தயங்கித் திரும்பி, இரண்டு ஆட்டம் ஆடி, கவசத்தை முன்னால் வைத்து நின்றது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆஃப்செட்டை எவ்வளவு இறக்கினாலும் மாற்றமே இல்லையா? 'பார்ட் டேட்டாபேஸ்' ஃபைலை அழித்தீர்களா?

சரியாகத் திரும்புகிறது, ஆனாலும் எரிந்துவிடுகிறது

எடையைப் பாருங்கள். கேர் நிஜத்தில் 3,735 கிலோ. அளவை 0.64ஆகக் குறைத்துவிட்டு எடையை மட்டும் 3.735 டன் என்றே வைத்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் கவசமும் நிஜத்தைவிட 2.4 மடங்கு எடையைத் தாங்கி நிறுத்த வேண்டும். அதனால் வேகம் குறையாமல் கீழே அடர்ந்த காற்றுக்குள் போய்விடும். நீளம் 0.64 என்றால் கன அளவு 0.262, அந்தக் கணக்கில் எடை 0.98 டன். அதை வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கும் எரிந்தால் மட்டும் அப்லேட்டர் மாட்யூலையும் (கவசம் எரிந்து தேய்வதைக் கணக்கிடும் பகுதி) வெப்பத் தாங்கு எண்களையும் தொடுங்கள். தாங்கு எண்ணை ஏற்றிவிட்டால் எரியாதுதான், ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

கேம் திணறுகிறது

டெக்ஸ்சர்தான். 2048 அளவுப் படம் சுருக்காமல் 16 எம்பி பிடிக்கும், டிஎக்ஸ்டி5 சுருக்கம் என்றால் 4, ஆல்ஃபா தேவையில்லை என்று டிஎக்ஸ்டி1 வைத்தால் 2. மிப்மேப் (தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்டும் சிறிய பிரதிகள்) சேர்ந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். 4096 போடாதீர்கள், யாரும் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்ப்பதில்லை.

கடலில் தலைகீழாக மிதக்கிறது

முதல் தடவை பார்த்தபோது நானும் இதைப் பிழை என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்போலோ 11 கடலில் இறங்கியதும் கவிழ்ந்துதான் கிடந்தது, மூக்குப் பக்கம் பைகள் காற்றால் உப்பித்தான் அதை நிமிர்த்தின. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனைக் கலம் டிவி-டி1 வங்கக் கடலில் இறங்கியபோதும் கவிழ்ந்த நிலையில்தான் கிடைத்தது. ஆகவே இதைத் திருத்துவதா வேண்டாமா என்பது நீங்கள் எந்தக் கலத்தைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருத்த வேண்டும் என்றால் கான்ஃபிக்கில் சென்டர் ஆஃப் பாயன்சி என்ற வரியின் நடு எண்ணைக் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள், எடையின் மையத்துக்கு மேலே இருந்தால் நிமிர்ந்துவிடும். கேர் மாடலில் நான் ஏற்றிவிட்டேன். அப்போலோவில் ஏற்றவில்லை, பைகளைத் தனி அனிமேஷனாகச் செய்துகொண்டிருக்கிறேன், மூன்றில் இரண்டு உப்புகிறது, மூன்றாவது இன்னும் கொலைடரில் இடித்துக்கொண்டு நிற்கிறது.